தீவுத்திடல் குதிரைக்காரர் நல்லவரா? தாமஸ் மன்றோ பற்றி ஓர் இழை

14-05-2023, கேள்வி

"பேருந்தில் போகும்போதெல்லாம் தீவுத்திடல் பக்கத்தில் அந்தக் குதிரைச் சிலையைப் பார்க்கிறேன். மன்றோ என்ற வெள்ளைக்காரத் தளபதி, பிறகு சென்னை மாகாண கவர்னர் ஆனவர் என்கிறார்கள். 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய நீல் என்ற தளபதியின் சிலையைப் போராடி எடுத்த ஊர் இது. இவரை மட்டும் ஏன் விட்டுவைத்தோம்? விவசாயிகளுக்கு நல்லது செய்தார் என்பது உண்மையா? சிலையில் அங்கவடி (குதிரையில் ஏறக் கால்வைக்கும் வளையம்) வைக்க மறந்ததால் சிற்பி தற்கொலை செய்துகொண்டார் என்பதும் உண்மையா? விவரம் தெரிந்தவர்கள் எழுதவும்."

14-05-2023, இரவு 10.20

அங்கவடிக் கதையை முதலில் முடித்துவிடுவோம். பொய். சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி. சிலை இங்கே நிறுவப்பட்டது 1839-இல். அவர் இறந்தது 1841 நவம்பரில், லண்டனில், திடீர் நோயால். லண்டனில் நான்காம் ஜார்ஜ் மன்னருக்கும் வெலிங்டன் பிரபுவுக்கும் குதிரைச் சிலை செய்தவரும் இவர்தான். அந்த இரண்டிலும் அங்கவடி கிடையாது. ஒரே ஆள் மூன்று முறை மறப்பாரா? பழைய ரோமானியர் காலத்தில் அங்கவடியே இல்லை. அந்தப் பாணியில் செய்தார், அவ்வளவுதான்.

மற்ற கேள்விகளுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. நாளை எழுதுகிறேன்.

15-05-2023, மாலை

நான் ஏன் இதில் இவ்வளவு அக்கறை காட்டுகிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். என் அப்பா தர்மபுரிப் பக்கத்து ஊரொன்றில் கணக்குப்பிள்ளை. அவருக்கு முன்னால் அவர் அப்பா. 1980-இல் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை அரசு ஒரே நாளில் ஒழித்தபோது, மூன்று தலைமுறைக் கணக்குக் கட்டுகளை மாட்டுவண்டியில் ஏற்றித் தாலுகா கச்சேரியில் ஒப்படைத்துவிட்டு வந்தார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. அந்த அப்பா வாயில் 'மன்றோ துரை' என்ற பெயர் ஏதோ தாத்தா பெயரைப் போல வரும். "இந்தப் பட்டா, சிட்டா, அடங்கல், ஜமாபந்தி எல்லாம் துரை போட்ட பாதை" என்பார். துரை எங்கள் தர்மபுரியில் ஏழு வருஷம் குடியிருந்தவர் என்பதில் அவருக்குப் பெருமை. அங்கே அதைச் சொல்லும் நினைவுத்தூண் ஒன்று உண்டு. சின்ன வயதில் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து எனக்குக் காட்டினார்.

ஆகவே மன்றோ நல்லவர் என்று நம்பித்தான் வளர்ந்தேன். பணி ஓய்வுக்குப் பிறகு உட்கார்ந்து படித்தபோது அந்த நம்பிக்கை அங்கங்கே ஓட்டை விழுந்தது. முழுவதும் உடையவில்லை. அதைத்தான் எழுதப்போகிறேன்.

15-05-2023, இரவு

ஆள் யார் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். பிறந்தது 1761, ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ. அப்பா வர்ஜீனியாவோடு வணிகம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போர் வந்தது, வணிகம் படுத்தது, குடும்பம் நொடித்தது. பையன் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து 1780 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கினான். சிறு வயதில் அம்மை கண்டு காது சற்று மந்தம். இறங்கின கையோடு ஒரு வேலைக்காரன், "இந்த ஊருக்கு இந்தத் துணியெல்லாம் ஆகாது, மாற்றி வாங்கி வருகிறேன்" என்று பெட்டியோடு போனவன் திரும்பவில்லை. வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் கடைநிலை அதிகாரியின் பணமுடையைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பெற்றோருக்கும் அனுப்பினார்.

வந்த ஆறே மாதத்தில் மைசூரின் ஹைதர் அலி ஆற்காட்டுச் சமவெளியில் இறங்கிவிட்டார். செப்டம்பர் 10, காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கம்பெனித் தளபதி பெய்லியின் படை அழிந்தது. சில மைல் தள்ளிக் காஞ்சிபுரத்தில் பெரிய படையோடு இருந்த தளபதியின் பெயரும் மன்றோதான், ஹெக்டர் மன்றோ. உதவிக்குப் போய்ச் சேராமல், பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். நம் தாமஸ் அந்தப் படையில் பத்தொன்பது வயதுப் பையன். கண்ணெதிரே ஒரு பெரிய படை எப்படிக் குலைகிறது என்று பார்த்தவர்.

புள்ளலூர் போயிருக்கிறேன். வயல் நடுவே அன்று செத்த வெள்ளை அதிகாரிகளுக்கு நினைவுத்தூண்கள் நிற்கின்றன. அதே மண்ணில் அந்தச் சண்டைக்கும் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் முன்னால் பல்லவனும் சாளுக்கியனும் மோதினார்கள். அதற்குத் தூண் இல்லை.

16-05-2023

கீழே ஒருவர் "கேரளத்து அஷ்டமுடி ஏரியில் மன்றோ துருத்து என்ற தீவு இருக்கிறதே, அது இவர் பெயர்தானே" என்று கேட்டிருக்கிறார். இல்லை. அது கர்னல் ஜான் மன்றோ. திருவிதாங்கூரில் கம்பெனியின் பிரதிநிதியாகவும் (ரெசிடெண்ட்) திவானாகவும் இருந்தவர். மூன்று மன்றோக்களையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். ஹெக்டர் தோற்றவர், ஜான் கேரளத்துக்காரர், தாமஸ் நம்மவர். 'நம்மவர்' என்று கை தானாக எழுதிவிட்டது. அழிக்காமல் விடுகிறேன். அப்பாவின் மகள்தானே நான்.

18-05-2023, காலை

ஒரு படைவீரர் எப்படி நிலவரி வாங்கும் தீர்வைக்காரர் ஆனார் என்பதுதான் முக்கியம்.

1792-இல் திப்புவிடமிருந்து பாராமகாலும் (இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) சேலமும் கம்பெனி கைக்கு வந்தன. அதை நிர்வகிக்கக் கம்பெனியின் சிவில் அதிகாரிகளை கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் நம்பவில்லை. அவர்களுக்கு ஊர்மொழி தெரியாது, துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) சொல்வதுதான் வேதம். ஆகவே படையிலிருந்து கேப்டன் அலெக்சாண்டர் ரீடை எடுத்துப் போட்டார்கள். அவருக்குக் கீழே மூன்று உதவியாளர்கள்: கிரஹாம், மக்ளியாட், மன்றோ. மூவரும் படையாட்கள்தான். ரீட் திருப்பத்தூரில் இருந்துகொண்டார். மன்றோவுக்குத் தர்மபுரி.

பாரசீகமும் இந்துஸ்தானியும் ஏற்கெனவே கற்றிருந்தார். இங்கே வந்து ஊர் ஊராகக் கூடாரம் போட்டார். மரத்தடியில் உட்கார்ந்து, மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும் பண்ணையாளும் சொல்வதைக் கேட்டார். ஒரு பக்கம் நிலத்தை அளந்தார்கள், மறுபக்கம் யார் யாருக்கு எவ்வளவு என்று எழுதினார்கள். தர்மபுரியில் தோட்டம் போட்டு, பிற்காலத்தில் அதை நினைத்து ஏங்கி எழுதியிருக்கிறார். கவர்னர் மாளிகைக்குப் போன பிறகும் அந்தத் தோட்டத்தை மறக்காத மனிதர் என்று அப்பா சொன்னது ஏதோ பாசத்தில் சொன்னதல்ல என்று கடிதங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அப்படித்தான் ரயத்துவாரியை உருவாக்கினார். நடுவில் ஜமீன்தார் கிடையாது, குத்தகைக்காரர் கிடையாது. உழுபவர் நேரே சர்க்காருக்குக் கட்டுவார்.

18-05-2023, மதியம்

காலையில் எழுதியதில் ஒரு பிழை, திருத்துகிறேன். "மன்றோ உருவாக்கினார்" என்றேன். சரியல்ல. பாராமகாலில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ரீட். குடிகள் ஆண்டுதோறும் வேண்டிய நிலத்தை வைத்துக்கொள்ளலாம், வேண்டாததை விட்டுவிடலாம் என்று 1796 டிசம்பரில் அறிவித்தவரும் அவர்தான். மன்றோ அவரிடம் தொழில் கற்றவர். பின்னால் அதை எடுத்து வளர்த்து, லண்டன்வரை வாதாடி நிலைநாட்டியது மன்றோ என்பதால் பெயர் அவருக்குப் போய்விட்டது. திருப்பத்தூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள நியாயம் உண்டு.

20-05-2023

எங்கள் தாலுகாவில் ஜமாபந்தி அறிவிப்பு வந்திருக்கிறது. பசலி 1432. புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: பசலி என்பது வருவாய்த்துறையின் கணக்காண்டு, ஜூலை 1-இல் தொடங்கும். அது தொடங்கும் ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி வரும்.

இன்றைக்கு ஜமாபந்தி என்றால் மனுக்கொடுக்கிற நாள். அன்று ஜமாபந்தி என்றால் ஒவ்வொரு குடிக்கும் அந்த வருஷத்துக் கணக்கை முடிக்கிற நாள். யார் எந்தப் புலத்தைப் பயிரிட்டார், எது தரிசு கிடந்தது, எங்கே மழை பொய்த்தது, எவ்வளவு வஜா (தள்ளுபடி), மிச்சம் எவ்வளவு கிஸ்தி (கட்டவேண்டிய வரி). புது நிலம் வேண்டுமென்றால் தர்காஸ்து (விண்ணப்பம்) கொடுக்க வேண்டும். வேண்டாமென்றால் ராஜிநாமா. இன்று வேலையை விடுவதற்கு நாம் சொல்கிற அதே சொல்தான், அன்று நிலத்தை விடுவதற்கு.

சொந்த அனுபவம் ஒன்று. அப்பா காலமான பிறகு எங்கள் இரண்டு ஏக்கர் புஞ்சைக்குப் பட்டா மாற்றப் போனேன். கணினியில் ஏற்றும்போது அப்பா பெயரில் ஓர் எழுத்தும் தாத்தா பெயர் முழுவதும் தவறிவிட்டன. அதைச் சரிசெய்ய அந்த அலுவலகத்துக்கு ஒன்றரை வருஷம் நடந்தேன். வாழ்நாள் முழுவதும் ஊரார் பெயரைப் பிழையில்லாமல் எழுதியவரின் பெயரைப் பிழையாக எழுதி நீட்டினார்கள். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, கூடாரம் போட்டுக் குடிகளின் வாய்ச்சொல்லைக் கேட்ட துரையை அப்பா ஏன் அவ்வளவு மதித்தார் என்று விளங்கியது.

24-05-2023, இரவு

இனி ஓட்டைகள்.

1799-இல் திப்பு வீழ்ந்ததும் மன்றோவைக் கன்னடக் கடற்கரைக்கு அனுப்பினார்கள். அந்த மழையும் ஊரும் அவருக்குப் பிடிக்கவில்லை. 1800-இல் நிஜாம் விட்டுக்கொடுத்த ஜில்லாக்களுக்குத் தலைமைக் கலெக்டர். இன்றைய பெல்லாரி, கடப்பை, அனந்தபூர், கர்நூல் பக்கம். ராயலசீமை என்றால் பலருக்கு விளங்கும். அங்கே எண்பது பாளையக்காரர்கள் இருந்தார்கள். படையை வைத்து அவர்களை அடக்கினார், ஒட்டியவர்களுக்கு உதவித்தொகை, ஒட்டாதவர்கள் ஊரைவிட்டு. சிலரை அவர் கையாண்ட விதம் சரியில்லை என்று லண்டன் இயக்குநர்களே கண்டித்து எழுதினார்கள். இங்கே தெற்கே கட்டபொம்மனைத் தூக்கிலிட்டு அப்போதுதான் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதே காலம், அதே கம்பெனி. 'குடிகளின் நண்பர்' என்ற படத்துக்குப் பின்னால் துப்பாக்கி இருந்ததை மறக்கக்கூடாது.

பிறகு அளவை. 1802-இல் நான்கு பேரோடு ஆரம்பித்து நூறு அளவைக்காரர்கள்வரை பெருகியது. முப்பத்துமூன்று அடிச் சங்கிலி. ஒரு சங்கிலிச் சதுரம் ஒரு குண்டா, நாற்பது குண்டா ஓர் ஏக்கர். போட்டுப் பாருங்கள்: 33 பெருக்கல் 33, அதை 40-ஆல் பெருக்கினால் 43,560 சதுர அடி. கர்நாடகத்திலும் தெலங்கானாவிலும் இன்றும் குண்டாக் கணக்கில்தான் நிலம் பேசுகிறார்கள்.

அளந்தது நல்லது. விதித்தது? மொத்த விளைச்சலில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பங்கு. திரும்பப் படித்துக்கொள்ளுங்கள், நூறு மரக்கால் விளைந்தால் 45 மரக்காலின் விலை சர்க்காருக்கு. விதை, ஏர், மாடு, கூலி, வயிறு எல்லாம் மிச்சம் 55-க்குள். ஏழு வருஷத்தில் அந்த ஜில்லாக்களின் வருமானத்தை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்கிக் காட்டினார்.

இந்த எண்ணை முதலில் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அப்பாவிடம் கேட்க முடியாதே என்றிருந்தது.

25-05-2023

"அவர் மேலிடத்துக்குக் கட்டுப்பட்டவர், என்ன செய்வார்" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன்.

1807-இல் ஊருக்குக் கிளம்புமுன் அவரே ஒரு திட்டம் எழுதினார். தீர்வையில் கால் பங்கைக் குறைக்க வேண்டும், கிணற்றுப் பாசன நிலத்துக்கு 33 சதவீதம் குறைக்க வேண்டும் என்று. குறைத்தால் சர்க்கார் பங்கு விளைச்சலில் மூன்றில் ஒன்றாகும், அப்போதுதான் நிலத்துக்கு விலை வரும், விற்க வாங்க முடியும், குடியானவன் அதைத் தன் சொத்தாக நினைப்பான் என்பது வாதம். அருமையான வாதம். தான் ஏழு வருஷம் வசூலித்தது தாங்கமுடியாத அளவு என்பதற்கு அவரே எழுதிய சாட்சியும் அதுதான்.

சென்னை அரசு ஏற்கவில்லை. ஊர்களை மூன்று வருஷக் குத்தகைக்கும் பிறகு பத்து வருஷக் குத்தகைக்கும் விட்டார்கள். விகிதம் அதே விகிதம். பல குத்தகைக்காரர்கள் நொடித்துப்போனார்கள்.

26-05-2023

ஒன்று விட்டுப்போயிற்று. அதே 1807 திட்டத்தில், ஒருவன் கட்டமுடியாமல் போனால் அந்தக் குறையை ஊரில் மற்றவர்கள் தலையில் பத்து சதவீதம்வரை ஏற்றலாம் என்றும் இருந்தது. தலைக்குத் தலை தனிக்கணக்கு என்று புகழப்படும் முறையில் இதுவும் சேர்த்தி. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்வார், "பக்கத்துப் புஞ்சைக்காரன் ஓடினா நம்ம மாடு போகும்" என்று. எந்தக் காலத்து நினைவோ.

30-05-2023

அடுத்த பத்தாண்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தில் கம்பெனி உரிமத்தைப் புதுப்பிக்கும் விசாரணையில் நாடாளுமன்றத்துக்குச் சாட்சி சொன்னார். 1814-இல் ஜேன் கேம்பலை மணந்து, நீதிமுறையைச் சீர்திருத்தும் குழுவின் தலைவராகச் சென்னை திரும்பினார். 1816 சட்டங்கள் அதன் பலன். போலீசையும் மாஜிஸ்திரேட் அதிகாரத்தையும் ஜில்லா நீதிபதியிடமிருந்து எடுத்துக் கலெக்டரிடம் கொடுத்தார்கள். ஊர்த் தலைவரைக் கிராம முன்சீப் ஆக்கிப் பத்து ரூபாய்வரை வழக்குத் தீர்க்கச் சொன்னார்கள். வரி வாங்குகிறவர் என்று பொருள்படும் பெயரை வைத்துக்கொண்டே ஒருவர் ஜில்லா முழுவதையும் ஆள்வது இன்றும் நடக்கிறதல்லவா, அது பெரும்பாலும் இவர் கைங்கரியம். கிராம முன்சீப் என்ற சொல்லும் 1980வரை எங்கள் ஊரில் உயிரோடு இருந்தது.

1817-18 மராட்டியப் போரில் மறுபடி உடைவாள். கையிலிருந்த சொற்பப் படையோடு ஊர்க்காரர்களையே சேவகர்களாகச் சேர்த்துக்கொண்டு பாதாமி, பெல்காம், சோலாப்பூர் கோட்டைகளைப் பிடித்தார். போகிற ஊரிலெல்லாம் முதலில் வரி நிர்வாகத்தைக் கையில் எடுத்துவிட்டு, பிறகு கோட்டையைச் சுற்றினார். ஒரே ஆளில் இரண்டு தொழிலும் கலந்திருந்ததை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை.

1820 ஜூனில் சென்னை மாகாண கவர்னர். கால் பங்கு குறைப்பை, பதின்மூன்று வருஷம் கழித்து, ராயலசீமையில் தானே நடைமுறைப்படுத்தினார். இதை அவர் கணக்கில் வரவு வைக்க வேண்டும். வைக்கிறேன்.

03-06-2023, காலை

பள்ளிக்கூடக் கணக்கு. நான் முப்பது வருஷம் ஆசிரியை. இதில் கொஞ்சம் நின்றுதான் போவேன்.

மாகாணத்தில் எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளை, எந்தச் சாதி என்று 1822-இல் கலெக்டர்களைக் கேட்டு எழுதவைத்தார். 1826-இல் தொகுத்தபோது வந்தது: 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள், மக்கள்தொகை 1,28,50,941. அறுபத்தேழு பேருக்கு ஒருவர். மன்றோ அதோடு விடவில்லை. பெண்பிள்ளைகள் மிகக் குறைவு, ஆண்பிள்ளைகளில் ஐந்து முதல் பத்து வயதுவரை என்று எடுத்தால் நால்வரில் ஒருவருக்குச் சற்று மேல், வீட்டில் படிப்பவர்களையும் சேர்த்தால் மூவரில் ஒருவரை நெருங்கும் என்று கணக்குப்போட்டார். தமிழ் ஜில்லாக்களில் திண்ணைப்பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பான்மை பிராமணரல்லாதார். வெள்ளைக்காரன் வந்துதான் எழுத்தறிவித்தான் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த ஒரு பட்டியலைப் பார்த்தால் போதும். ஊரில் ஏதுமில்லை என்று காட்டுவதற்கு எழுதவைத்த பட்டியல் அல்ல இது. இருப்பதை எண்ணிப்பார்த்த பட்டியல்.

ஜில்லாவுக்கு இரண்டு பெரிய பள்ளி, தாலுகாவுக்கு ஒன்று என்று திட்டம் போட்டார். அவர் போன பிறகு கவனிப்பாரில்லை, 1836-இல் கைவிட்டார்கள்.

03-06-2023, இரவு

அதே பட்டியலை வேறு கண்ணால் பார்த்தேன். தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் அதில் கிட்டத்தட்ட இல்லை. பெண்கள் கிட்டத்தட்ட இல்லை. காலையில் பெருமையோடு எழுதிவிட்டேன். நான் அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் அந்த எண்ணிக்கைக்குள் வந்திருக்க மாட்டேன்.

10-06-2023

இரண்டு கோப்புகளை அடுத்தடுத்து வைத்துப் படிக்கச் சொல்வேன்.

1822 ஏப்ரல்: பத்திரிகைச் சுதந்திரம் கூடாது என்று எழுதுகிறார். சுதந்திரமான அச்சகமும் அந்நியர் ஆட்சியும் நெடுநாள் சேர்ந்திருக்க முடியாது, அது முதலில் சிப்பாய்களைக் கிளப்பும், நம்மை வெளியேற்றும் என்பது கருத்து. 1824 டிசம்பர் 31: நாட்டு மக்களை உயர் பதவியிலிருந்து விலக்கிவைப்பது அவர்களைச் சிறுமைப்படுத்துகிறது, ஒரு காலத்தில் அவர்கள் தங்களைத் தாங்களே ஆளத்தான் போகிறார்கள், அதற்குத் தகுதியாக்குவதுதான் நம் வேலை என்று எழுதுகிறார்.

முன்பெல்லாம் இரண்டாவதை மட்டும் எடுத்துக் காட்டுவேன். இப்போது இரண்டும் ஒரே மனிதரின் ஒரே நேர்மை என்று தோன்றுகிறது. நாங்கள் அந்நியர் என்பதை ஒருபோதும் மறைக்காதவர். அந்தக் காலத்துக் கவர்னர்களில் அது அரிது. ஆனால் 'ஒரு காலத்தில்' என்பது எந்தக் காலம் என்று அவர் சொல்லவில்லை. மூடநம்பிக்கைகளை விட்டொழித்த பிறகு என்கிறார். யார் அளந்து சான்றிதழ் கொடுப்பது?

17-06-2023

மந்திராலயம், திருமலைக் கதைகளைக் கேட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். மடத்து நிலம் பற்றி விசாரிக்கப்போன மன்றோவிடம் பிருந்தாவனத்துக்குள்ளிருந்து ராகவேந்திரர் பேசினார் என்பது ஒன்று. திருமலைப் பொங்கல் சாப்பிட்டு வயிற்றுவலி தீர்ந்து, நைவேத்தியத்துக்கு ஏற்பாடு செய்தார், 'மன்றோ கங்காளம்' என்று பாத்திரமே இருக்கிறது என்பது இன்னொன்று. கடப்பைப் பக்கம் கண்டி ஆஞ்சநேயர் கோயிலில், மலையிடுக்கில் தங்கத் தோரணம் அவர் கண்ணுக்குத் தெரிந்தது, அதைப் பார்ப்பவர் சீக்கிரம் சாவார் என்றும் சொல்வார்கள்.

இவற்றை நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. எனக்கு முக்கியம் வேறு. ஒரு வரி அதிகாரியைச் சுற்றி மூன்று கோயில்களில் கதை முளைத்திருக்கிறது. ராயலசீமையில் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயரே வைத்தார்கள். 45 பங்கு கட்டியவர்கள் ஏன் வைத்தார்கள்? அதற்கு முன்னால் கொள்ளை, பாளையச் சண்டை, எந்தப் படை எப்போது வரும் என்று தெரியாத வாழ்க்கை. இவர் வந்து தொகையை எழுதிக் கையில் கொடுத்தார். நேரில் போய் முறையிடலாம், காதுகொடுப்பார். வாங்கினது அதிகம், ஆனால் இன்னது என்று தெரிந்து வாங்கினார். அந்த நிம்மதிக்கு வைத்த பெயராக இருக்கலாம். இது என் ஊகம்தான்.

18-06-2023

நீல் சிலையோடு ஒப்பிட்டவருக்குப் பதில் பாக்கி. நீல் 1857-இல் வடக்கே கொத்துக் கொத்தாகத் தூக்கிலிட்டவர். அந்தச் சிலையை எதிர்த்து 1927-இல் சத்தியாகிரகம் நடந்து, 1937-இல் ராஜாஜி ஆட்சியில் எடுத்து அருங்காட்சியகத்துக்குள் வைத்தார்கள். மன்றோ சிலை அப்போதும் அதே சாலையில் நின்றது. போராடியவர்கள் கைவைக்கவில்லை. இருவரையும் ஒன்றாக அவர்கள் நினைக்கவில்லை. அவர்களைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று சொல்லமாட்டேன்.

06-07-2023

இன்று அவர் இறந்த நாள். 1827. பதவி விலகக் கடிதம் கொடுத்துவிட்டார், அடுத்த கவர்னர் வந்து சேரவில்லை. நோயுற்ற பிள்ளையோடு மனைவி முந்தின வருஷமே கப்பலேறிவிட்டார். காத்திருக்கும் நாளில் பழைய ராயலசீமைக் குடிகளை ஒருமுறை பார்த்து வருவோம் என்று கிளம்பினார். கொடும் கோடை. குத்தி (Gooty) என்ற ஊருக்கு வந்தபோதே முகாமில் காலரா. பத்திகொண்டாவுக்கு வந்த அன்று காலை நோய் கண்டது, இரவு ஒன்பதரைக்கு முடிந்துவிட்டது. மறுநாள் குத்தி ஊரில் அடக்கம். நான்கு வருஷம் கழித்துச் சென்னைக் கோட்டை மரியன்னை ஆலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். பத்திகொண்டாவில் அவர் நினைவாகத் தோப்பு வைத்துக் கிணறு வெட்டினார்கள். சிலையைவிட அந்தக் கிணறுதான் அவருக்குப் பொருத்தம் என்று நினைக்கிறேன். வேலை முடிந்த ஆள் நேரே கப்பலேறியிருக்கலாம். விடைபெறப் போன இடத்தில் செத்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது, 45 பங்கு தெரிந்த பிறகும்.

09-07-2023, இரவு

இதை எழுதாமல் இழையை விட்டுப்போகக் கூடாது.

அவர் இறந்து இருபத்தெட்டு வருஷம் கழித்து, 1855-இல், சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. சென்னையில் கஜுலு லட்சுமிநரசு செட்டி விடாமல் முறையிட்டு, பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரை நேரில் அழைத்துக் காட்டியதால் வந்த குழு. கிஸ்தி கட்டாதவர்களைத் தாலுகாச் சேவகர்கள் என்ன செய்தார்கள் என்று குடிகள் வந்து வந்து சொன்னார்கள். வெயிலில் நிறுத்துவது. தலையைக் குனியவைத்துக் காலோடு சேர்த்துக் கட்டுவது. விரல்களைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிப்பது. ஆங்கில அறிக்கையிலும் அவற்றுக்கு நம் சொற்களையே வைத்திருக்கிறார்கள். நெரிக்கும் கருவிக்குப் பெயர் கிட்டி.

மன்றோ இதைச் செய்யச் சொன்னார் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவருக்கு முன்பும் இது நடந்தது. ஆனால் கலெக்டர் கையில் வரியையும் போலீசையும் சேர்த்துக் கொடுத்தது 1816. வாங்கும் ஆளும் அடிக்கும் ஆளும் ஒரே சேவகன் ஆனான். அடிபட்டவன் அந்தச் சேவகனின் எஜமானிடமே போய்த்தான் முறையிட வேண்டும். மரத்தடியில் உட்கார்ந்து கேட்கும் மன்றோ இருந்தால் கேட்டிருப்பார். எத்தனை தாலுகாவுக்கு எத்தனை மன்றோ கிடைப்பார்?

அப்பாவிடம் ஒரு வழக்கு உண்டு. கெடுபிடியான மேலதிகாரி வந்து கணக்குக் கேட்டுவிட்டுப் போனால், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இன்னைக்கு கிட்டி கட்டிட்டான்மா" என்பார் அம்மாவிடம். அம்மா மோர் கொடுப்பார். அறிக்கையில் அந்தச் சொல்லைப் பார்க்கும்வரை அது வெறும் பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன்.